விலங்குகள் மேல் அன்பிருந்தால் காசு கேட்பார்களா?

"விலங்குகள் மேல் உண்மையான அன்பிருந்தால் இவ்வளவு காசு கேட்பீர்களா?" கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. அவரைக் காயப்படுத்த இதைவிடக் கூரான ஆயுதம் கிடைக்காது. அன்பினால்தான் அந்தப் படிப்புக்கே போயிருப்பார். அந்த அன்பையே எடுத்து அவர்மீது எறிகிறோம்.

மனிதர்களின் மருத்துவச் செலவைப் பல நாடுகளில் அரசோ காப்பீடோ ஓரளவு தாங்குகிறது. நாய்க்கும் பூனைக்கும் பெரும்பாலும் வளர்ப்பவரின் சட்டைப்பைதான் கதி. நோய் இன்னதென்று கண்டுபிடித்து, குணப்படுத்தும் வழியும் தெரிந்த மருத்துவர், வளர்ப்பவரிடம் பணமில்லை என்பதற்காக மட்டுமே அந்த உயிரைக் கருணைக்கொலை செய்ய நேர்கிறது. முடித்துக் கைகழுவிவிட்டு, அடுத்த அறையில் முதல் தடுப்பூசிக்கு வந்திருக்கும் குட்டியிடம் சிரித்த முகத்தோடு போக வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அது கொண்டாட்ட நாள் அல்லவா?

அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களிடையே 1979 முதல் 2015 வரை நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. அந்த மரணங்களில் தற்கொலையின் பங்கு, பொதுமக்களிடையே இருப்பதைப்போலப் பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்காகவும் ஆண்களிடம் 2.1 மடங்காகவும் இருந்தது. இதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. வேலைநேரம், கல்விக்கடன் என்று நம் கைக்கு எட்டாதவை பல உண்டு. எட்டுபவற்றைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

முதலில், நேரத்தோடு போங்கள். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்குவதை மலச்சிக்கல் என்று நினைத்து நாள்களைக் கடத்துகிறார்கள். அடைப்பு நீடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். ஆரம்பத்தில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிரை, கைமீறிய பிறகு அவர் மேசைமேல் கிடத்திவிட்டு "ஏதாவது செய்யுங்கள்" என்கிறோம். பிழைக்காவிட்டால் பழி அவருக்கு.

அடுத்தது உண்மை. நோயாளிக்கு வாய் பேச வராது. நாம் சொல்வதுதான் பாதி மருத்துவம். காய்ச்சல் என்று பூனைக்கு பாராசிட்டமால் கொடுத்துவிட்டு மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பாதுகாப்பாகச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று தெரிந்தால் மருத்துவர் நேராக முறிமருந்துக்குப் போவார். தெரியாவிட்டால் சோதனைமேல் சோதனையாகத் தேட வேண்டும். பிறகு அந்தச் சோதனைகளின் கட்டணத்துக்கும் நாம்தான் சண்டை போடுவோம்!

பணத்தைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். "என்னால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் என்ன செய்யலாம்?" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று அவரால் யோசிக்க முடியும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கொள்ளைக்காரர் என்பதுதான் அவர் மனத்தை உடைக்கிறது. முடிந்தவர்கள் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம்.

கடிக்கும் நாய் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வாய்ப்பூட்டு அணிய வீட்டிலேயே பழக்குங்கள். மருத்துவரிடம் குழைந்துவிட்டு, வரவேற்பில் இருக்கும் பெண்ணிடமும் உதவியாளரிடமும் கத்துகிற ஒரு கூட்டம் உண்டு. அந்தக் குழைவுக்கு என்னிடம் மதிப்பில்லை.

இணையத்தில் காட்டமாக எழுதுவதற்கு முன் ஒரு முறை நேரில் கேளுங்கள். சிகிச்சை விவரங்களைப் பொதுவெளியில் போட்டுத் தன் பக்கத்தைச் சொல்ல அவரால் பெரும்பாலும் முடியாது. கை கட்டப்பட்டவரோடு மல்லுக்கு நிற்பது வீரமாகாது.

ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை உலகக் கால்நடை மருத்துவ நாள். அன்றைக்கு வாழ்த்துப் படம் அனுப்புவது நல்லதுதான். அதைவிட, குணமான பிராணியைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்புங்கள். தேறிய பிராணியைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுபவர்கள் குறைவு. தேறாதவைதான் மறுபடி மறுபடி அவர்முன் வருகின்றன. தான் செய்தது பலித்தது என்ற சேதியே அவருக்குப் பல நேரம் எட்டுவதில்லை. அனுப்பும்போது, தயவுசெய்து, அதே செய்தியின் அடியில் புதிதாக ஒரு சந்தேகத்தையும் சேர்த்துக் கேட்டுவிடாதீர்கள்.