ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் தம்பிமாரே

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தேன். பழைய ஞானஸ்நான ஏடுகளைப் பையன்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கும்பிட வேண்டிய வேலைதான். ஆனால் ஏட்டில் ஊர்ப்பெயர் எப்படி இருந்தாலும், இன்றைக்கு ரேஷன் கார்டில் உள்ளதையே அடிக்கிறார்கள். “எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் அண்ணே” என்றான் ஒருவன். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. அம்மாவின் ஊர் இரண்டு காகிதத்தில் இரண்டு விதமாக இருந்ததற்காக ஒரு ஆபீஸ் என்னை நாலு தடவை அலைய விட்டிருக்கிறது. நம் குமரி மாவட்டத்துக் கொல்லங்கோடு என்று எழுதிய பார்சல் பாலக்காட்டுக் கொல்லங்கோட்டுக்குப் போன கதையும் உண்டு. சரி, அது தபால் பிரச்சினை. ஏடு வேறு.

நீரோடி முதல் இரயுமன்துறை வரை குமரி மாவட்டத்து மேற்குக் கடற்கரையில் நம் தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்களை யோசித்துப் பாருங்கள். 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு விளவங்கோடு தாலுகாவோடு தமிழ்நாட்டுக்கு வந்தோம். மறைமாவட்டம் மட்டும் திருவனந்தபுரமாகவே நின்றுவிட்டது. அதனால் ஒரே ஊர் கோயில் ஏட்டில் மலையாளத்தில் ஒரு மாதிரி, பத்திரத்தில் தமிழில் ஒரு மாதிரி.

அதற்கும் முன்னால் வெள்ளைக்கார சாமிமார். சவேரியார் 1544 கடைசியில் இந்தத் திருவிதாங்கூர்க் கரையில் நடந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அடுத்த சனவரியில் கடிதம் எழுதினார். போர்த்துக்கீசியர் இந்தக் கரையின் மீனவரான முக்குவரை ‘மக்குவா’ என்றார்கள். கிழக்குக் கரையில் புன்னைக்காயல் ‘புனிக்காலே’ ஆனது, மணப்பாடு ‘மணப்பார்’ ஆனது. நம் ‘டு’ அவர்கள் காதில் ‘ர்’ போல விழுந்திருக்கிறது. சிரிப்பு வரும். ஆனால் காதில் விழுந்ததை எழுதியதால்தான் அது சாட்சி. திருத்தி எழுதியிருந்தால் அன்றைய குரல் நமக்குக் கிடைத்திருக்காது.

இரவிபுத்தன்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரவி என்பது, இந்தப் பகுதியை முன்பு ஆண்ட வேணாட்டு அரசர்கள் வைத்துக்கொண்ட பெயர். பக்கத்து மார்த்தாண்டன்துறையும் அப்படித்தான். ‘புத்தன்’ என்றால் புதிய. (புத்தருக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று ஒரு மதுரை நண்பர் கேட்டார்!) புதிய துறை என்று ஒன்றைச் சொன்னால் அதற்கு முன்னால் பழைய துறை ஒன்று இருந்திருக்க வேண்டும். ஒரு ஒட்டுச்சொல்லில் இவ்வளவு இருக்கிறது. அதை ஒருவன் ‘புதுத்துறை’ என்று நாகரிகமாகத் திருத்தினால் என்ன ஆகும்?

பெரிய ஊர்ப்பெயர்களாவது பிழைத்துக்கொள்ளும். எனக்குப் பயம் சின்னப் பெயர்களைப் பற்றித்தான். இன்ன விளை (தோட்டம்), இன்ன பொழிக்கரை (ஆறு கடலில் சேரும் இடத்துக் கரை), இன்ன குருசடிக்கு (சிலுவை வைத்த சிறு கோயிலுக்கு) தெற்கு என்று ஏட்டில் வரும். கடலரிப்பில் அந்தத் தெருவே போயிருக்கும். 2004-க்குப் பிறகு குமரிக் கரையில் எத்தனையோ குடும்பங்களின் விலாசம் வெறும் ‘சுனாமி காலனி’ ஆகிவிட்டது. அவர்கள் பாட்டி எங்கே பிறந்தாள் என்பதற்கு அந்த ஒரு வரிதான் மிச்சம்.

பையன்களிடம் நான் கேட்டது இவ்வளவுதான். கம்ப்யூட்டர் பட்டியலில் ஒரு கட்டத்தில் ஏட்டில் உள்ளதை உள்ளபடி, தப்பாகவே இருந்தாலும் அடியுங்கள். பக்கத்துக் கட்டத்தில் இன்றைய பெயரைப் போடுங்கள். தேடவும் சுலபம். மலையாள எழுத்து வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், வீட்டில் பழைய கல்யாண ஓலை வைத்திருப்பவர்கள் ஊர்ப்பெயர் உள்ள வரியை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆட்களின் பெயரை விரலால் மறைத்துவிடுங்கள்.