இட்டேரியில் இருந்தது குப்பை இல்லை

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவை இதுவரை பதினொரு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள், "பாருங்கண்ணா, நம்ம பசங்க எப்படிச் சுத்தம் பண்ணியிருக்காங்க" என்று. முதல் படத்தில் இருபக்கமும் பச்சை கவிந்து கிடக்கிற இட்டேரி, வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடம். அடுத்ததில் வெறும் செம்மண், ஓரத்தில் ஜேசிபி, அதன் மேல் ஏறி நின்று சிரிக்கிற நான்கு பேர். எந்த இட்டேரி, யார் செய்தது என்பது உங்களுக்கே தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை. நல்ல பிள்ளைகள்தான். ஊருக்கு நல்லது என்று நினைத்துத்தான் கைக்காசு போட்டு டீசல் ஊற்றியிருக்கிறார்கள். அதனால்தான் இன்னும் அதிகமாக வலிக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அது குப்பை இல்லை. புதரும் இல்லை. வேலி. யாரோ போத்து (ஊன்றினால் துளிர்க்கிற கிளை) வெட்டி, ஊன்றி, ஆடு கடிக்காமல் காத்து, சந்து விழுந்த இடத்தில் முள் அடைத்து, இரண்டு மூன்று தலைமுறையாக வளர்த்த உயிர்வேலி.

கொங்குப் பக்கம் இல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். காடு என்றால் எங்களுக்கு வனம் இல்லை, மானாவாரி நிலம். அப்படி இரண்டு காட்டுக்கு நடுவே வண்டி போக விட்ட தடம்தான் இட்டேரி. இருபக்கமும் கிளுவை என்கிற முள்மரத்தில் போட்ட வேலி இருக்கும். காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு என்று ஒரு முறை உண்டு, மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலாமரமும் விட்டு, காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கிளுவை வேலி போட்டு, மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி மேய விடுவார்கள். மேய்க்க ஆள் வேண்டாம், வேலியே ஆள். காங்கேயம் மாடு என்று ஜல்லிக்கட்டு நேரத்தில் எல்லாரும் நெஞ்சைத் தட்டிக்கொண்டோமே, அந்த மாடு நின்று வளர்ந்தது இந்த வேலிக்குள்தான். மாட்டுப் படத்தை முகப்பில் வைத்திருக்கிறவர்கள்தான் வேலியைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

கிளுவை மட்டும் நின்றால் அது வேலி ஆகாது. பத்து வருஷத்தில் அதன் மேல் பிரண்டை ஏறும், கோவை ஏறும், முசுமுசுக்கை, வேலிப்பருத்தி, தூதுவளை, குண்டுமணி எல்லாம் வரும். எதையும் யாரும் நடவில்லை. பழம் தின்ற குருவி உட்கார்ந்து எச்சம் போட்ட இடத்தில் ஆதண்டையும் சூரையும் சங்கமுள்ளும் முளைக்கும். அடியில் சருகு சேரும், சருகுக்குள் அரணை, அரணையைத் தேடிச் செம்போத்து, எலியைத் தேடிச் சாரை, சாரையைத் தேடிக் கீரி. கௌதாரி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஓடி ஒளிவதும் அங்கேதான். கொம்புத்தேன் கட்டுவதும் அங்கேதான். எங்கள் ஊரில் முருங்கை போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முருங்கைப் பூவுக்கு வருகிற அந்தப் பெரிய கருவண்டு காய்ந்த குச்சியிலும் மரத்திலும் துளை போட்டுத்தான் குடியிருக்கும். வேலியில் பட்டுப்போய் நிற்கிற கட்டையைப் பார்த்து "அசிங்கமாக இருக்கிறது" என்று இழுத்துப்போட்டு எரித்துவிட்டு, பூ நிற்கவில்லை, காய் பிடிக்கவில்லை என்று மருந்துக்கடைக்குப் போகிறோம்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. 2011ல் எங்கள் காட்டுக் கிழக்கு வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி போட அப்பாவை நச்சரித்தது நான்தான். அப்போது திருப்பூரில் வேலை, கையில் கொஞ்சம் காசு, "இந்தக் காலத்தில் யாருப்பா கிளுவை வேலி வெச்சிருக்காங்க" என்று கேட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஐந்தடி நிலம் மிச்சமானது உண்மை. அந்த ஐந்தடியில் இன்றுவரை ஒன்றும் உருப்படியாக விளையவில்லை, ஆடிக் காற்று தடையில்லாமல் வந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் கௌதாரி கத்தி நான் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. கம்பியில் கரிச்சான் வந்து உட்காரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கம்பியில் எதுவும் கூடு கட்டாது.

சின்ன வயதில் அந்த வேலியோரம்தான் முள்ளெலியைப் பார்த்தேன். அப்பாரு, அதாவது என் தாத்தா, டார்ச் அடித்துக் காட்டினார். சுருண்டு பந்து மாதிரி கிடந்தது. தொடப் போனேன், "உடு கண்ணு, அது பயந்துக்கும்" என்றார். ரொம்ப நேரம் கழித்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. மெட்ராஸ் முள்ளெலி என்பார்கள், தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறு எங்கும் கிடையாது. ராத்திரியில் வெளியே வந்து வண்டும் பூச்சியும் தின்றுவிட்டுப் பகலில் வேலியடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இருமலுக்கு மருந்து என்று பிடித்தே பாதியைத் தீர்த்தோம், மிச்சத்துக்கு இப்போது வீடும் இல்லை. என் மகளுக்குப் படத்தில்தான் காட்டினேன்.

சரி, என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பாதி ஏற்கெனவே கமெண்டில் சொல்லியாகிவிட்டது.

"பாம்பு இருக்குது, குழந்தைகள் போற தடம்." இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலியில் சாரை மட்டும் இல்லை, விரியனும் உண்டு. ஆனால் நம் ஊரில் கடைசியாகக் கண்ணாடி விரியன் கடித்தது தட்டுப்போரில் (மாட்டுக்கு அடுக்கி வைத்த சோளத்தட்டில்) தட்டு உருவும்போது. அதற்காக யாராவது தட்டுப்போரை ஜேசிபி விட்டு அள்ளினோமா? எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். இட்டேரியை வழித்துவிட்டால் எலி செத்துவிடாது, வீட்டு வளவுக்குள் வரும், பின்னாலேயே பாம்பும் வரும். தடத்தின் நடுவில் நான்கடி புல்லைச் செதுக்கி, இரண்டு விளக்குப் போட்டிருந்தால் போதும். பிள்ளைகளுக்கு அது போதாதா?

"மயில் வந்து எல்லாத்தையும் தின்னுது, வேலிதான் அதுக்கு இடம்." மயில் தொல்லை எனக்கும் உண்டு, கடலை போட்டு இரண்டு முறை இழந்திருக்கிறேன். ஆனால் மயில் முட்டையைத் தின்கிற உடும்பும் கீரியும் நரியும் இருந்தது அதே வேலியில்தானே? அவை போன பிறகுதானே இவ்வளவு மயில்? இதற்கு மேல் மயிலைப் பற்றி நான் பேசவில்லை.

"வேலியைப் பராமரிக்க ஆள் இல்லை." இது மட்டும் நியாயம். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வேலியைத் தொடவே கூடாது என்று சொல்கிறவன் நான் இல்லை, விட்டுவிட்டால் அடியில் ஓட்டை விழும், சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் உள்ளே புகுந்து கிளுவையைக் கொன்றுவிடும், அவற்றைப் பிடுங்கத்தான் வேண்டும். அப்பாரு ஒரு வருஷம் ஒரு பக்கம்தான் வெட்டுவார், மறுபக்கம் அடுத்த வருஷம். வெட்டும்முன் கவைக்கோலால் தட்டிப் பார்ப்பார், கூடு இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு நகர்வார். வெட்டிய தழை ஆட்டுக்கு, போத்து சந்து அடைக்க. ஒரு ஆள், ஒரு கொடுவாள், பத்து நாள். ஜேசிபிக்குக் கொடுத்த காசில் இதைச் செய்திருக்கலாம் என்று நான் சொன்னால் கோபம் வருகிறது.

இங்கிலாந்தில் 1997ல் இருந்து, பெரும்பாலான வயல்வெளி உயிர்வேலிகளை எடுக்கும்முன் உள்ளாட்சிக்கு எழுதிக் கேட்க வேண்டும், முப்பது வருஷத்துக்கு மேல் வயதான, முக்கியமான வேலி என்றால் எடுக்க விடாமல் தடுக்கலாம் என்று விதி இருக்கிறது. இங்கே சட்டம் வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தை ஊரில் கேட்டிருக்கலாம். 2022ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தபோது இதே குழுவில் எல்லாரும் பெருமையாகப் பகிர்ந்தோம். தேவாங்கு தாவாது, கிளையைப் பிடித்துப் பிடித்துத்தான் நகரும். காட்டோரத் தோட்டங்களில் மரமும் வேலியும் அறுந்த இடத்தில் அது தரையில் இறங்கியாக வேண்டும், தரையில் நாயும் வண்டியும். தூரத்தில் இருக்கிற விலங்கென்றால் பாசம் வருகிறது, நம் வேலியில் இருந்தால் அது பூச்சிபொட்டு ஆகிவிடுகிறது.

கடைசியாக, ஒரு தம்பி எழுதியிருந்தார்: "வாரத்துக்கு ஒரு நாள் வர்றவங்க எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்." அவர் அப்பாவும் நானும் அந்த இட்டேரியில்தான் கோவைப்பழம் பறித்துத் தின்றுகொண்டே பள்ளிக்கூடம் போனோம். எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) மழை விட்டதும் மடியில் முசுமுசுக்கை பறித்து வந்து அடை சுட்டு அவர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பும். அது என் ஊர் இல்லை என்றால் எனக்கு ஊரே இல்லை. வேலைக்கு வெளியே போனது குற்றம் என்றால் ஊரில் பாதிப் பேர் குற்றவாளி.

படத்தைப் பார்த்த மறுநாள் காலையில் போய் நின்றேன். செம்மண்ணில் ஜேசிபிப் பல் தடம். ஒரு செம்போத்து அந்த மண்ணில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடந்துகொண்டே இருந்தது. அரை மணி நேரம் பார்த்தேன், அது பறந்து போகவில்லை.

மேட்டுக் கிணற்றில் இருந்து வேப்பமரம் வரை இன்னும் முந்நூறு அடி வேலி மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதையும் எடுப்பதாகக் குழுவில் போட்டிருக்கிறீர்கள். நான் காலை ஆறு மணிக்கு அங்கே இருப்பேன். சண்டை போட இல்லை. கொடுவாளும் கவைக்கோலும் கொண்டு வருகிறேன், நடுத்தடத்தைச் சேர்ந்து செதுக்கலாம், சீமைக்கருவேலத்தைப் பிடுங்கலாம். மழை இறங்கினதும் வழித்த இடத்தில் ஊன்ற எங்கள் தெற்கு வேலியில் எத்தனை போத்து வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். ஜேசிபியை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் தம்பி.