கேக் வெட்டி வேலைய விட்டவ நான்

பொண்ணுங்களுக்கு வேலையா குடும்பமான்னு நெட்ல மறுபடியும் ஒரு சண்டை ஓடிட்டிருக்கு. ஒரு பக்கம் சொந்தக் கால்ல நில்லுங்கறாங்க, இன்னொரு பக்கம் குழந்தைய விட என்ன பெருசுங்கறாங்க. பேசறது யாருன்னு பாத்தா ரெண்டு பக்கமும் என்ன மாதிரி ஆளுங்கதான், அதாவது ஒரு மாசம் ஒரு சம்பளம் வரலன்னாலும் வாடகைக்கு அல்லாடாதவங்க.

நான் வேலைய விட்ட அன்னைக்கு ஆபீஸ்ல கேக் வெட்டுனாங்க. "ப்ரேவ் டிசிஷன்"னு மேனேஜர் பேசுனாரு, ரெண்டு பேர் கண்ணெல்லாம் கலங்குனாங்க. எல்லாரும் போனப்புறம் தட்டெல்லாம் அள்ள வந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா மெதுவா கேட்டாங்க, "நீங்களாவா விடுறீங்க? யாரும் போகச் சொல்லலயே?" நானாதான்க்கான்னு சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க, அப்புறம் மிச்ச கேக்க பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டாங்க, வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குன்னு.

அவங்களுக்கு அப்போ சின்னது பொறந்து ரெண்டே மாசம். மகப்பேறு லீவு கொறஞ்சது 14 வாரம்னு ஐஎல்ஓ, அதாவது ஐ.நா.வோட சர்வதேச தொழிலாளர் அமைப்பு, 2000லயே ஒப்பந்தம் போட்டிருக்கு, ஆனா அக்கா ஏஜென்சி மூலமா வந்த கான்ட்ராக்ட் ஆளு, வந்தாதான் காசு. கைக்குழந்தைய பெரிய பொண்ணு ஸ்கூலுக்குப் போகாம பாத்துக்கிட்டா. கொஞ்ச நாள்ல அதுவும் முடியாம அக்கா நின்னுட்டாங்க. அவங்க போனதப் பத்தி ஆபீஸ்ல நடந்த ஒரே பேச்சு, "புது ஆள் எப்போ வருவாங்க"ங்கறதுதான்னு என் ஃப்ரெண்டு சொன்னா.

நானும் குழந்தைக்காகத்தான் நின்னேன், அவங்களும் குழந்தைக்காகத்தான் நின்னாங்க. என்னோடது தியாகமாம், அவங்களோடது "இவங்கள நம்பவே முடியாது"வாம்.

அந்தக் காலத்துல பொண்ணுங்கல்லாம் வீட்லதான் இருந்தாங்கன்னு ஒருத்தர் கமெண்ட்ல எழுதியிருந்தாரு. எந்தப் பொண்ணுங்க சார்? 2023ல பொருளாதார நோபல் வாங்குன க்ளாடியா கோல்டின் அமெரிக்காவோட 200 வருஷ ரெக்கார்டத் தோண்டிப் பாத்தவங்க. விவசாயக் காலத்துல கல்யாணமானவங்க நெறைய பேர் வேலை செஞ்சிருக்காங்க, ஃபேக்டரி வந்ததும் அது கொறைஞ்சு, ஆபீஸ் கடைன்னு சேவைத் துறை பெருகுன 20ஆம் நூற்றாண்டுலதான் திரும்ப ஏறியிருக்கு. அதுல எனக்கு மறக்கவே முடியாதது என்னன்னா, புருஷனோட சேந்து வயல்ல ஒழைச்சவங்களுக்குக் கூட பழைய கணக்கெடுப்புல தொழில்ங்கற எடத்துல "மனைவி"ன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. ஒழைச்சது ரெக்கார்டுலயே ஏறல, அப்புறம் வீட்லதான் இருந்தாங்கன்னு கத கட்டறது ரொம்ப ஈஸி.

அதுக்காக காசிருக்கற வீட்டுப் பொண்ணு ரொம்ப சுதந்திரமா முடிவெடுக்கறான்னு நான் சொல்ல வரல. எங்க வீட்ல கணக்கு எப்படிப் போட்டோம் தெரியுமா, என் சம்பளத்துலேர்ந்து க்ரெச் ஃபீஸ், போக்குவரத்து, சமையலுக்கு ஆள் எல்லாத்தையும் கழிச்சு "இதுக்கா ஓடற"ன்னாரு அவரு. நானே தலையாட்டுனேன் பாருங்க! குழந்தை ரெண்டு பேரோடதும்தானே, அவரு சம்பளத்துல ஏன் கழிக்கலன்னு தோணவே எனக்கு மூணு வருஷம் ஆச்சு. ஐஎல்ஓ 2024ல சொன்ன கணக்குப்படி, வீட்ல ஆளுங்களப் பாத்துக்கற பொறுப்பாலயே வேலைச் சந்தைக்கு வெளிய நிக்கற பொண்ணுங்க உலகம் முழுக்க 70.8 கோடி. எத்தன பேருக்கு கேக் வெட்டியிருப்பாங்க?

இப்போ திரும்ப வேலைக்குப் போறேன். இன்டர்வியூல "கேப்" பத்திக் கேட்டாங்க, சமாளிச்சேன், சம்பளம் கொஞ்சம் கொறைஞ்சுது, அவ்ளோதான். அதே கேப் அந்த அக்காவுக்கு என்ன ஆச்சோ, எங்க இருக்காங்கன்னு கூட எனக்குத் தெரியாது.

என் பையனப் பாத்துக்க ஒருத்தங்க வர்றாங்க. வீட்லேர்ந்து வேலை பாக்கற நாள்ல சாயங்காலம் 4 மணி ஆனா அவங்க போன் அடிக்கும், ஸ்கூல் விட்டு வந்த அவங்க பொண்ணு. இவங்க என் பையன இடுப்புல வச்சுக்கிட்டே, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு குரலத் தாழ்த்தி, "பூட்டிக்கிட்டு உள்ள இரு, யாரு தட்டுனாலும் தொறக்காத, அம்மா ஏழு மணிக்கு வந்துருவேன்"பாங்க. ஏழு மணிங்கறது என்னோட கடைசி மீட்டிங் முடியற நேரம்.