ஐரோப்பாவில் மதியம் சாப்பிடுங்கள்

ஐரோப்பா சுற்றுலா விளம்பரம் எதை எடுத்தாலும், ஈஃபில் கோபுரத்துக்கு அடுத்த வரியில் "தினமும் இரவு இந்திய உணவு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. எழுபது வயது அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கும், சர்க்கரை மாத்திரைக்கு நேரம் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு கரண்டி பருப்பும் சோறும் கிடைப்பது பெரிய நிம்மதி. என் கோபமெல்லாம், சொந்தமாகத் திட்டம் போட்டு நாலு நாடு சுற்றிவிட்டு வந்து "அங்க சாப்பாடுன்னு ஒண்ணுமே இல்லப்பா, பீட்சாவும் பர்கரும்தான்" என்று சொல்கிறார்களே, அவர்கள் மேல்தான்.

அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போனது என்று விசாரித்துப் பாருங்கள். காலையில் ஓட்டல் பஃபேயில் வயிறு முட்ட ஒரு கட்டு. மதியம் மியூசிய வரிசையில் நின்றபடியே ஒரு குளிர்ந்த சாண்ட்விச். ராத்திரி ஏழு மணிக்குக் கால் ஓய்ந்துபோய், வாசலில் கலர் படம் போட்ட மெனுவோடு ஆள் நின்று கூப்பிடும் கடையில் தொப்பென்று உட்காருவது. உள்ளூர்க்காரர் ஒருவரும் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஐரோப்பாவின் பல ஊர்களில் அடுப்பில் நின்று சமைத்த, அந்த ஊருக்கே உரிய சாப்பாடு மதிய வேளையில்தான் இருக்கிறது. நாம் சாண்ட்விச்சைத் தின்று வீணடிப்பது சரியாக அந்த வேளையைத்தான்.

ஸ்பெயினில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். வேலை நாட்களில் சின்னச் சின்னக் கடை வாசல்களில்கூட ஒரு கரும்பலகை இருக்கும். மெனு டெல் தியா, அதாவது அன்றைய சாப்பாடு. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, இனிப்பு அல்லது பழம், குடிக்க ஒரு கிளாஸ் ஒயினோ தண்ணீரோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக்காலத்தில், 1960களில், சுற்றுலா அமைச்சராக இருந்த மனுவேல் ஃபிராகா வெளிநாட்டுப் பயணிகளை மனதில் வைத்துத்தான் உணவகங்களில் இப்படி ஒரு நிலையான விலைச் சாப்பாடு இருக்க வேண்டும் என்று உத்தரவு போட வைத்தார். பயணிகளுக்காக வந்ததை ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்த மேசைகளில் வங்கி ஊழியரும் கொத்தனாரும் உட்கார்ந்திருக்க, பயணிகள் எதிர்க்கடையில் இரண்டு மடங்கு காசு கொடுத்து உறையவைத்த பொட்டலத்தைச் சூடாக்கிச் சாப்பிடுகிறார்கள். ஒன்று மட்டும் கவனம். அங்கே மதியம் என்றால் இரண்டு மணி. பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால் மேசை விரிப்புக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். நாலு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

மாட்ரிட்டில் குளிர்காலத்தில் இருந்தால் கோசீதோ சாப்பிடுங்கள். கொண்டைக்கடலையும் காய்களும் இறைச்சியும் ஒரே பானையில் மணிக்கணக்காக வேகும். அதைப் பிரித்துப் பரிமாறுவார்கள்: முதலில் அந்தச் சாறு, அப்புறம் கடலையும் காயும், கடைசியில் இறைச்சி. இதை ராத்திரி சாப்பிட்டால் தூக்கம் வராது. அதனால்தான் அது மதியச் சாப்பாடு.

பிரான்ஸில் கடிகாரம் இன்னும் கறார். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரண்டேகாலுக்குப் போனால் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடுவார்கள். ரோமில் கிழமையே மெனு. பழைய வழக்கப்படி வியாழக்கிழமை உருளைக்கிழங்கில் செய்யும் ஞோக்கி, வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை மாட்டுக் குடல். அந்தக் குடலைத் தக்காளியில் வேகவைத்து, ஆட்டுப்பால் சீஸும் புதினாவும் தூவித் தருவார்கள். ரோமின் டெஸ்டாச்சோ பகுதியில் 1975 வரை பெரிய இறைச்சிக்கூடம் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்குக் கூலியின் ஒரு பங்காகக் குடல், வால் போன்றவற்றைக் கொடுத்தார்கள். பணக்காரர் வாங்காததை ருசியாக்கியது அந்தத் தொழிலாளர் வீட்டு அடுப்புகள். இன்று அதே பகுதியில் அதைச் சாப்பிட முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

"நாங்கள் சைவம், எங்களுக்கு என்ன இருக்கிறது?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். என் மனைவியும் சைவம்தான். அவருக்கு ஐரோப்பாவிலேயே பிடித்த சாப்பாட்டு இடம் பாரிஸிலும் இல்லை, ரோமிலும் இல்லை. போலந்தின் பால் கடைகள். பெயர்தான் பால் கடை, உள்ளே முழுச் சாப்பாடு. 1896இல் வார்சாவில் முதல் கடை தொடங்கியது. கம்யூனிச ஆட்சிக்காலத்தில் தொழிலாளர் உணவகங்களாக நாடு முழுக்கப் பெருகின. இறைச்சி இல்லாத பண்டங்களுக்கு அரசு இன்றும் மானியம் தருகிறது. கல்லாவில் காசு கட்டி, சீட்டை ஜன்னலில் நீட்டி, தட்டை நாமே எடுத்துவந்து, சாப்பிட்டதும் நாமே திருப்பி வைக்க வேண்டும். பரிமாறும் அம்மா சிரிக்க மாட்டார், அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உருளைக்கிழங்கும் தயிர்ப்பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்த, கொழுக்கட்டை மாதிரியான பியரோகி, மேலே வதக்கிய வெங்காயம், பக்கத்தில் பீட்ரூட், குடிக்கப் பழம் வேகவைத்த கொம்போட். ஓய்வூதியக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். சில கடைகளில் பியரோகி மேல் வறுத்த பன்றிக் கொழுப்புத் துணுக்கைத் தூவுவார்கள். அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த மாதிரி ஒளிந்திருக்கும் விஷயங்கள்தான் சைவர்களுக்கு உண்மையான தொல்லை. பிரெஞ்சு வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. முட்டையும் கிரீமும் ஊற்றிச் சுடும் கீஷ் லொரைனில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். ஸ்பெயினில் சாலட் கேட்டால் மேலே டூனா மீன் உட்கார்ந்திருக்கும். பார்மிஜானோ சீஸை உறையவைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளால், விதியே அப்படித்தான். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீனும், ஹாம் என்ற பன்றித் தொடைக்கறியும் அதில் அடங்கும் என்று எல்லோரும் புரிந்துகொள்வதில்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

இனி பிரிட்டன். எல்லோரும் கிண்டல் செய்யும் சமையல். அந்தப் பெயர் கெட்டதில் இரண்டாம் உலகப் போருக்கும் பங்கு உண்டு. 1940இல் தொடங்கிய ரேஷன் 1954 வரை நீடித்தது. வெண்ணெய், முட்டை, இறைச்சி எல்லாம் அளந்து கொடுத்த காலத்தில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. ரேஷனில் சேர்க்காமல் விட்ட சிலவற்றில் ஃபிஷ் அண்ட் சிப்ஸும் ஒன்று. மக்களின் மனம் தளரக்கூடாது என்று அரசு அதில் கைவைக்கவில்லை. இன்றும் கடலோர ஊர்களில் அன்றைய மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, உப்பும் மால்ட் வினிகரும் தெளித்துக் கொடுக்கும்போது யாரும் அதைச் சப்பென்று இருக்கிறது என்று சொல்ல முடியாது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம்: வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம் பல கடைகளில் மீனையும் சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். அவர்களுக்கு அது பெருமை, மறைக்க மாட்டார்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அங்கே மதியச் சாப்பாடு என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். வார நாட்களில் அவர்களே சாண்ட்விச் கோஷ்டி. ஞாயிறு மதியம் ஏதாவது ஒரு கிராமத்துப் பப்பில் ரோஸ்ட் சாப்பிட்டுப் பார்க்காமல் பிரிட்டிஷ் உணவைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் கட்சி. அடுப்பில் சுட்ட இறைச்சி, மொறுமொறு உருளைக்கிழங்கு, காய், கிரேவி, அதோடு யார்க்‌ஷயர் புட்டிங். முட்டை, பால், மைதா கரைத்த மாவைக் கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி உப்பவைப்பதுதான் அது. யார்க்‌ஷயரில் முன்பு அதை இறைச்சிக்கு முன்னால் கிரேவியோடு பரிமாறினார்கள். அதிலேயே பாதி வயிறு நிறைந்தால் இறைச்சி மிஞ்சும் என்ற சிக்கனக் கணக்கு. காரம் இல்லையே என்று முகம் சுளிப்பவர்கள் ஆங்கிலக் கடுகுச் சாந்தை ஒரு ஸ்பூன் வாயில் வைத்துப் பாருங்கள். கண்ணில் தண்ணீர் வரும்.

ஸ்காட்லாந்தின் ஹாகிஸைக் கண்டு நம் ஆட்கள் ஓடுவது எனக்குப் புரியவே இல்லை. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலைப் பொடியாக நறுக்கி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து வேகவைப்பது. தலைக்கறி, போட்டி, ரத்தப் பொரியல் என்று ஆட்டில் ஒன்றையும் மிச்சம் வைக்காத ஊரில் பிறந்துவிட்டு இதற்கு மூக்கைப் பொத்தினால் எப்படி? சைவ ஹாகிஸும் உண்டு. 1984இல் எடின்பரோவில் ஸ்காட்டிஷ் கவிதை நூலகத் திறப்பு விழாவுக்காக மக்ஸ்வீன் என்ற இறைச்சிக்கடைக்காரர் செய்தது, இப்போது ஸ்காட்லாந்தில் பல மெனுக்களில் இருக்கிறது. என் மனைவி அதற்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

பாரம்பரியம் என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ரொட்டியும் சீஸும் ஊறுகாயும் வைத்து இங்கிலாந்துப் பப்களில் தரும் "உழவர் சாப்பாடு" அந்தப் பெயரில் புகழ்பெற்றது 1950, 60களில். சீஸ் விற்பனையைக் கூட்ட நடந்த விளம்பரம். உருக்கிய சீஸில் ரொட்டித் துண்டைத் தோய்த்துச் சாப்பிடும் சுவிஸ் ஃபாண்ட்யூவை நாடு முழுக்கத் தேசிய உணவாக்கியதும் 1930களின் சீஸ் வியாபாரிகள் சங்கம்தான். அதனால் என்ன? நன்றாக இருந்தால் சாப்பிட வேண்டியதுதானே. ஃபாண்ட்யூவில் ஒயினும் கிர்ஷ் சாராயமும் சேரும் என்பதை மட்டும் மதுவை விலக்குபவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். பானை காலியானதும் அடியில் ஒட்டியிருக்கும் பொரிந்த சீஸைச் சுரண்டத் தவறாதீர்கள். அதே சுவிட்சர்லாந்தில், யுங்ஃப்ராவ்யோக்கில், 3,454 மீட்டர் உயரத்தில் பனிக்கு நடுவே இந்திய உணவகம் இருக்கிறது. அங்கே பனியாற்றைப் பார்த்தபடி பருப்பு சாப்பிடுவதில் ஒரு வேடிக்கையான சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. தினமும் ராத்திரி எதற்கு என்பதுதான் கேள்வி.

"ஒரு வேளையாவது சோறு வேண்டும்" என்பவர்கள் வலென்சியாவுக்குப் போங்கள். நகரத்துக்குத் தெற்கே அல்புஃபெரா ஏரியைச் சுற்றி நெல்வயல்தான். அந்த ஊர்ச் சோற்று உணவான பயேயாவில் முயலும் கோழியும் பெரிய வெள்ளை மொச்சையும் போடுவார்கள். காய்கறிப் பயேயாவும் கிடைக்கும், சாற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அகலச் சட்டியில் மெல்லிசாகப் பரப்பி வேகவைத்து, அடியில் காந்தல் பிடித்தால்தான் சமையல்காரருக்கு மரியாதை. அதை மரக்கரண்டியால் சுரண்டித் தின்பதற்கு மேசையில் சண்டையே நடக்கும். ஆனால் அதுவும் மதியச் சாப்பாடுதான். நல்ல கடைகளில் முந்தின நாளே சொல்லிவைத்து, இரண்டு மணிக்குப் போய் உட்காருங்கள்.