மூன்று முறை மேலே ஏறிப் போனால் என்ன?

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்தக் காணொளியைப் பற்றித்தான். பக்கவாட்டில் வீசும் காற்றில் விமானத்தை இறக்க வந்த பயிற்சி மாணவி, மூன்று முறையும் சக்கரம் தரையில் படாமலே மேலே ஏறிப் போகிறார். "இவங்களுக்கெல்லாம் எதுக்கு விமானம்" என்று கீழே ஒரே சிரிப்பு. பகிர்ந்தவர்களில் என் நண்பர்களும் உண்டு.

அதற்குப் பெயர் கோ-அரவுண்ட். இறக்கம் சரியாக அமையவில்லை என்று பட்டால் எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வர வேண்டும். அது தோல்வி இல்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் பாடமே அதுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அந்தச் சிரிப்பை நானும் வாங்கியிருக்கிறேன். விமானப் பயிற்சியில் கூடப் படித்தவர்கள் பலர் தனியாகப் பறந்துவிட்டார்கள். எனக்கு இருபத்தைந்து மணி நேரம் தாண்டியும் சோலோ கிடைக்கவில்லை. ஒருநாள் இரண்டு முறை கோ-அரவுண்ட் போய்விட்டு வந்தேன். "என்ன, பெட்ரோல் தீரும்வரை சுத்துவியா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் வேகம் அதிகமாக வந்தும் மேலே போக மனம் வரவில்லை. சக்கரம் பட்டு விமானம் எம்பியது. அப்போதாவது விசை கொடுத்திருக்க வேண்டும். நான் பயத்தில் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினேன். பயிற்றுநர் கட்டுப்பாட்டை வாங்குவதற்குள் முன்சக்கரம் ஓங்கி இடித்து வளைந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்து செய்த வேலை அது.

"திறமை இருந்தால் முதல் முறையே இறக்கலாமே" என்பீர்கள். பெரிய விமானங்களை ஓட்டுகிறவர்களும் கோ-அரவுண்ட் போகிறார்கள். போக வேண்டிய நேரத்தில் போகாததுதான் உண்மையான சிக்கல். விமானப் பாதுகாப்புக்கான அமைப்பான ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் 2017இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: சீராக அமையாத இறக்கங்களில் சுமார் 3 சதவீதம்தான் கோ-அரவுண்டில் முடிகின்றன. மீதிப் பேர் எப்படியாவது இறக்கிவிடலாம் என்று தொடர்கிறார்கள். அந்த மாணவி செய்தது அனுபவசாலிகளே செய்யத் தயங்கும் காரியம்.

"பயந்தவர்கள் பறக்கவே கூடாது" என்று இன்னொருவர். இதற்குப் பதில் சொல்லவே பிடிக்கவில்லை. ஸ்டால் பயிற்சியில் உட்கார்ந்து பாருங்கள். இறக்கை தூக்குவதை நிறுத்தி விமானம் விழத் தொடங்கும்போது கை தானாகக் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுக்கப் பார்க்கும். நீங்களோ மூக்கைத் தாழ்த்த வேண்டும். பயம் எல்லோருக்கும் வரும். பயத்தோடு சரியானதைச் செய்யத்தான் அத்தனை மாதப் பயிற்சி.

சரி, விமானத்தை விடுங்கள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேறு படிப்புக்குப் போனபோது எனக்குக் கிடைத்ததும் இதே சிரிப்புதான். வேலையை விட்டவர், நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்தியவர், எல்லோரையும் இப்படித்தான் பார்க்கிறோம். சரியில்லை என்று தெரிந்ததும் விலகியவரைக் கோழை என்கிறோம். தெரிந்தே போய் மோதிக்கொண்டவரிடம் மட்டும் "முன்னாடியே சொல்லக் கூடாதா" என்று அழுகிறோம். எப்படிச் சொல்வார்கள்? சொன்னால்தான் சிரிக்கிறீர்களே.

இன்னொன்று. நீங்கள் பகிர்ந்தது வெட்டிய காணொளி. முழுசாகப் பார்த்தேன். நான்காவது முறை அந்தப் பெண் காற்று வரும் பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் வைத்து, நடுக்கோட்டின் மேலேயே இறங்கினார். அதை யாரும் பகிரவில்லை.