மார்ஜரி பார்னார்டுக்கு 86 வயதில் கிடைத்த விருது

ஆஸ்திரேலிய எழுத்தாளர் மார்ஜரி பார்னார்டைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு விஷயத்தை ரசித்துச் சொல்வார்கள். 1956இல் 'மீன்ஜின்' இலக்கிய இதழில், ஆஸ்திரேலிய நாவலாசிரியர் பேட்ரிக் வைட்டின் அதுவரை வந்திருந்த நான்கு நாவல்களையும் சேர்த்து வைத்து, நிதானமாக ஒரு கட்டுரை எழுதினார் பார்னார்ட். வைட்டை அவருடைய ஊர்க்காரர்களே சரியாகப் படிக்காத காலம் அது. 1973இல் வைட்டுக்கு நோபல் கிடைக்கிறது, அந்தப் பணத்தை வைத்து அவர் ஒரு விருதை ஏற்படுத்துகிறார், 1983இல் அந்த விருது பார்னார்டுக்கே போகிறது. "பாருங்கள், செய்த நன்மை எப்படித் தேடி வந்திருக்கிறது" என்று முடிப்பார்கள்.

எனக்கு இதைக் கேட்டால் சந்தோஷம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது. வைட் அந்த விருதை ஏற்படுத்தியதே, நெடுங்காலம் எழுதியும் உரிய கவனம் கிடைக்காதவர்களுக்குக் கொடுப்பதற்காக. அதைப் பெறும்போது பார்னார்டுக்கு வயது 86. முதல் புத்தகம் வந்து 63 வருடம் ஆகியிருந்தது. இருபதுக்குப் பக்கமாகப் புத்தகங்கள் எழுதிய ஒருவரை இத்தனை வருடம் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பதற்கு அந்த விருது சாட்சி. வைட்டைக் குறை சொல்லவில்லை, அவராவது கொடுத்தார்.

1897இல் சிட்னியின் ஆஷ்ஃபீல்டில் பிறந்தவர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. சிட்னி பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, முதல் வகுப்பில் தேறி, பல்கலைக்கழகப் பதக்கமும் வாங்கினார். மேற்படிப்புக்கு ஆக்ஸ்ஃபோர்டு போக வாய்ப்பும் வந்தது. அப்பா போகக் கூடாது என்றுவிட்டார். அவ்வளவுதான், அந்தக் கதவு மூடிவிட்டது. நூலகர் வேலைக்குப் பயிற்சி எடுத்து, சிட்னி டெக்னிக்கல் காலேஜ் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வாழ்க்கைக் குறிப்புகளில் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை. பதக்கம் வாங்கிய வரலாற்று மாணவி, பகலெல்லாம் அடுத்தவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் எழுதியிருக்கிறார்.

பல்கலைக்கழகத்தில் கிடைத்த தோழி ஃப்ளோரா எல்டர்ஷா. பின்னால் ஆசிரியையாக இருந்தவர், நல்ல பேச்சாளர், ஆஸ்திரேலிய எழுத்தாளர் கூட்டமைப்புக்கு 1935இல் தலைவரான முதல் பெண்மணி. இருவரும் சேர்ந்து 'எம். பார்னார்ட் எல்டர்ஷா' என்ற பெயரில் எழுதினார்கள். கேட்டால் யாரோ ஒரு ஆணின் பெயர் போலிருக்கும். முதல் நாவல் 'எ ஹவுஸ் இஸ் பில்ட்', 1928இல் 'புல்லட்டின்' பத்திரிகையின் நாவல் போட்டியில் கேத்தரின் சூசன்னா பிரிச்சர்டின் 'கூனார்டூ'வோடு முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டது. சிட்னித் துறைமுகத்தில் கடை போட்டு வளர்கிற ஒரு வணிகக் குடும்பத்தின் கதை. அந்த வீட்டில் வியாபாரத்தை நடத்தும் திறமை உள்ள ஒரு மகள் இருக்கிறாள், ஃபானி. பெண் என்பதால் அவளுக்கு அங்கே இடமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு விஷயம் தெரிந்தபின் ஃபானி வரும் பக்கங்களைப் படித்தால் சும்மா கடந்து போக முடியாது.

ஒரே பெயரில் இரண்டு பேர் எழுதியதால் பார்னார்டுக்கு ஒரு கஷ்டம் கடைசிவரை இருந்தது. எது யார் எழுதியது என்ற கேள்வி. எழுத்து வேலையில் பெரும்பங்கு பார்னார்டுடையது, திட்டமிடுவதும் விமர்சனமாகப் பார்ப்பதும் எல்டர்ஷாவின் பலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தப் பங்குபிரிப்பில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்குப் பாதி எழுத்தாளர் என்று கணக்குப் போடும் பழக்கம் இருக்கிறதே, அது அநியாயம். இருவருக்குமே.

சரி, 1935க்கு வருவோம். அந்த வருடம் அப்பா கொடுத்த சிறு தொகையை நம்பி பார்னார்ட் நூலக வேலையை விட்டார். அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1936இல் ஒரு நாவல். 1937இல் இன்னொரு நாவல், கான்பராவில் நடக்கும் எழுத்தாளர் மாநாட்டைப் பற்றியது. 1938இல் முதல் கவர்னர் ஆர்தர் ஃபிலிப் பற்றிய நூலும் விமர்சனக் கட்டுரைத் தொகுப்பும். 1939இல் 'மை ஆஸ்திரேலியா', கூடவே கேப்டன் ஜான் பைப்பரின் வாழ்க்கை வரலாறு. 1941இல் கவர்னர் மக்வாரியின் காலத்தைப் பற்றி 'மக்வாரீஸ் வேர்ல்ட்', இது அவர் தனியாக எழுதியது. நூலக வேலை இல்லாத ஏழு வருடத்துக்குள் ஏழு புத்தகம்! ஒரு எழுத்தாளருக்கு நேரம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஜான் பைப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் சுங்கம் வசூலித்துப் பெரும் பணக்காரராகி, கடலோரம் மாளிகை கட்டி, விருந்து விருந்தாகக் கொடுத்தவர். சிட்னியின் பாயிண்ட் பைப்பர் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1827இல் கணக்கு வழக்கில் மாட்டி எல்லாம் கைவிட்டுப் போகிறது என்றானபோது, தன் படகைக் கடலுக்குள் செலுத்தச் சொல்லி, வாத்தியக்காரர்களை வாசிக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்தார். படகோட்டிகள் இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார்கள். பார்னார்டையும் எல்டர்ஷாவையும் போல வரலாறும் நாவலும் தெரிந்தவர்கள் இந்த மனிதரைத் தேடிப் போனதில் ஆச்சரியமே இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது 1938இன் அந்தக் கட்டுரைத் தொகுப்புதான். 'எஸ்ஸேஸ் இன் ஆஸ்திரேலியன் ஃபிக்‌ஷன்'. ஆஸ்திரேலிய இலக்கியத்துக்கென்று ஒரு பேராசிரியர் பதவியைச் சிட்னி பல்கலைக்கழகம் 1962இல்தான் உருவாக்கியது. அதற்கு 24 வருடம் முன்பே, பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்றுகொண்டு இந்த இரண்டு பெண்கள் தங்கள் நாட்டு நாவலாசிரியர்களை ஒவ்வொருவராக எடுத்து வைத்துப் பேசினார்கள். ஹென்றி ஹேண்டல் ரிச்சர்ட்சன், பிரிச்சர்ட், வான்ஸ் பாமர், எலினார் டார்க், அப்புறம் கிறிஸ்டினா ஸ்டெட். ஸ்டெட்டின் புத்தகங்கள் அப்போது லண்டனில்தான் அச்சாகிக்கொண்டிருந்தன, சொந்த ஊரில் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை. 1974இல் வைட்டின் விருதை முதன்முதலாகப் பெற்றவர் அந்த ஸ்டெட்தான். ஊர் கவனிக்க மறந்தவர் என்று 1974இல் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒருவரை 1938இலேயே கவனித்துவிட்டார்கள். விமர்சகரின் வேலை வேறென்ன?

1942இல் பார்னார்டுக்கு மறுபடி நூலக வேலை. இந்த முறை அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் நூலகம், 1950 வரை. அப்பா 1940இல் இறந்துவிட்டார், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1943இல் 'தி பெர்சிமன் ட்ரீ' சிறுகதைத் தொகுப்பு வந்தது. அந்தத் தலைப்புக் கதையை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. நோயிலிருந்து மீண்டு வரும் ஒருத்தி, வசந்தம் வரும் நேரத்தில் ஒரு வெறிச்சோடிய வீட்டில் தனியாக இருக்கிறாள். எதிர்வீட்டில் தனியாக இருக்கும் இன்னொருத்தி, பழுக்கட்டும் என்று பெர்சிமன் பழங்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைக்கிறாள். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சில பக்கம்தான் கதை. படித்து முடித்தால் நெஞ்சு கனத்துப் போகும்.

அடுத்தது எம். பார்னார்ட் எல்டர்ஷா பெயரில் வந்த பெரிய நாவல், 'டுமாரோ அண்ட் டுமாரோ அண்ட் டுமாரோ'. இருபத்து நான்காம் நூற்றாண்டில் இருக்கும் ஒரு எழுத்தாளன், நம் காலத்துச் சிட்னியைப் பற்றி, அது எரிந்து போவதைப் பற்றி, வரலாற்று நாவல் எழுதுகிறான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்பட்டது. போர்க்காலத் தணிக்கைக்குப் போய்ப் பல பகுதிகள் வெட்டப்பட்டன. ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்'திலிருந்து எடுத்த தலைப்பில் மூன்று முறை 'டுமாரோ' வரவேண்டும், 1947இல் புத்தகம் வந்தபோது அதிலும் ஒன்றைக் காணோம். அப்புறம் 1952இல், எழுத்தாளர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் அரசு நிதியம் கம்யூனிஸ்ட்டுகளை வளர்க்கிறது என்று நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தபோது இந்த நாவலையும் இழுத்துத் திட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை புதிதாக ஒரு நாவல்கூட வரவில்லை. "ஏன் நிறுத்திவிட்டார்?" என்று கேட்கிறார்கள். கேள்வியே தப்பு என்பேன். பல வருட உழைப்பை வெட்டி, தலைப்பைக் குறைத்து, நாடாளுமன்றத்தில் வைத்து ஏசிவிட்டு, அடுத்த நாவல் எங்கே என்று எந்த முகத்தோடு கேட்பது?

அப்போதும் அவர் சும்மா இருக்கவில்லை என்பதுதான் என்னை அசைக்கிறது. வைட்டின் 'தி ட்ரீ ஆஃப் மேன்' நாவலைச் 'சிட்னி மார்னிங் ஹெரால்ட்'டில் கவிஞர் ஏ. டி. ஹோப் பாசாங்கான சொற்சேறு என்கிற அளவுக்குச் சாடிய அதே 1956இல்தான் பார்னார்டின் கட்டுரை வந்தது. தன் நாவலுக்கு அப்படி ஒரு கதி வந்த பிறகும், தன்னைவிடப் பதினைந்து வயது இளைய ஒருவருடைய நாவல்களை மனக்கசப்பில்லாமல் உட்கார்ந்து படித்து எழுத ஒரு மனசு வேண்டும். 1962இல் ஆஸ்திரேலிய வரலாறு ஒன்றை எழுதினார். 1967இல் எழுத்தாளர் மைல்ஸ் ஃபிராங்க்ளினின் வாழ்க்கை வரலாறு. தான் நேரில் பழகிய, புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே இருந்த ஒரு மனுஷியைப் பற்றி எழுதுவது லேசான வேலை இல்லை.

வெட்டிய பகுதிகளைச் சேர்த்து, மூன்று 'டுமாரோ'க்களோடும் அந்த நாவலை 'விராகோ' பதிப்பகம் 1983இல் கொண்டுவந்தது. விருதும் அதே வருடம். 1987இல் பார்னார்ட் இறந்துவிட்டார். எல்டர்ஷா 1956லேயே போய்விட்டார், முழு நாவலும் அச்சாகி அவர் பார்க்கவே இல்லை.

படிக்க நினைப்பவர்கள் 'தி பெர்சிமன் ட்ரீ' கதையிலிருந்து தொடங்குங்கள். விமர்சனத் தொகுப்பு கடைகளில் கிடைப்பது கஷ்டம், பெரிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதில் ஸ்டெட் பற்றிய பகுதியை மட்டும் எடுத்து இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.