டெசிபல் எண்ணை மட்டும் பார்த்து வால்வு ஆம்புக்கு ஸ்பீக்கர் வாங்காதீர்கள்

"300பி என்ற கண்ணாடி வால்வு போட்ட 8 வாட் ஆம்ப், எந்த ஸ்பீக்கர் எடுபடும்?" என்று கேட்டுப் பாருங்கள். "95 டெசிபலுக்கு மேல் எதுவானாலும் ஓடும்" என்றுதான் பதில் வரும். பாதி சரி. விட்டுப்போன பாதியில்தான் காசு கரைகிறது.

சரியான பாதியை முதலில் முடித்துவிடுவோம். ஸ்பீக்கரின் டெசிபல் எண் என்பது 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் வரும் சத்தம். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல் கூடும். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 8 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 96. மூன்று மீட்டர் தள்ளி உட்காரும்போது குறைவதில் கொஞ்சத்தை அறையின் எதிரொலியும் இரண்டாவது ஸ்பீக்கரும் ஈடு கட்டும். காதுக்கு வருவது ஏறக்குறைய 93. அதுதான் உச்சம். நன்றாகப் பதிவான இசையில் சராசரிக்கும் உச்சத்துக்கும் 15 டெசிபல் இடைவெளி சாதாரணம். ஆக, சராசரி 78-க்கு மேல் போனால் தாளவாத்தியத்தின் ஒவ்வொரு அடியும் மழுங்கும். இதே ஆம்போடு 97 டெசிபல் ஸ்பீக்கர் என்றால், 87-க்கு 80 வாட் கொடுத்த மாதிரி. இதில் சண்டையே இல்லை.

ஆனால் அந்த 97 எப்படி அளந்தது என்று பாருங்கள். பல கம்பெனிகள் 2.83 வோல்ட்டில் அளந்து போடுகிறார்கள். 8 ஓமில் அது 1 வாட். 4 ஓமில் 2 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் 92 என்று அச்சடித்திருந்தால், வாட் கணக்கில் அது 89தான்.

இப்போது விட்டுப்போன பாதி: இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. ஸ்பீக்கரின் முதுகில் '8 ஓம்' என்று ஒட்டியிருப்பது ஒரு பெயர், அவ்வளவே. ஸ்வரம் ஏற இறங்க அது மாறிக்கொண்டே இருக்கும். ஆம்புக்குள்ளும் இப்படி ஒரு தடை உண்டு, அவுட்புட் இம்பீடன்ஸ் என்று பெயர். டிரான்சிஸ்டர் ஆம்பில் அது பெரும்பாலும் 0.1 ஓமுக்குக் கீழே என்பதால் அதற்குக் கவலையில்லை. ஃபீட்பேக் (அவுட்புட்டை இன்புட்டுக்குத் திருப்பித் திருத்தும் ஏற்பாடு) இல்லாத சிங்கிள் எண்டட் ஆம்பில், அதாவது ஒற்றை வால்வே முழு அலையையும் தரும் வகையில், அது 2, 3 ஓம் வரை போகும்.

அது 2.5 ஓம் என்று வையுங்கள். ஸ்பீக்கரின் தடை குறையக் குறைய, அதில் விழும் இழப்பு கூடும். ஸ்பீக்கர் ஓரிடத்தில் 25 ஓம், இன்னோரிடத்தில் 3.5 ஓம். முதல் இடத்தில் இழப்பு 0.8 டெசிபல், இரண்டாவதில் 4.7. ஆக, ஆம்பே கிட்டத்தட்ட 4 டெசிபல் மேடுபள்ளத்தை உண்டாக்கிவிடுகிறது. இதைக் கேட்டுவிட்டுத்தான் "வால்வு என்றால் இப்படித்தான், குரல் முன்னால் வருகிறது" என்று சிலாகிக்கிறோம். பல நேரம் வருவது குரலில்லை, கிராஸ்ஓவர் (பெரிய, சின்ன ஸ்பீக்கர்களுக்கு ஸ்வரங்களைப் பிரித்துக் கொடுக்கும் சுற்று) இடத்து இம்பீடன்ஸ் மேடு.

பேஸில், அதாவது கீழ் ஸ்வரங்களில், இன்னும் மோசம். அந்த 2.5 ஓம், வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) காயிலோடு தொடராகச் சேர்கிறது. காயில் 6 ஓம், க்யூஈஎஸ் (கூம்பின் ஆட்டம் எவ்வளவு அடங்குகிறது என்ற எண்; கூடினால் அடக்கம் குறைவு) 0.4 உள்ள வூஃபர் 0.57 மாதிரி நடந்துகொள்ளும். 0.4-க்குக் கணக்குப் போட்டு அடித்த ரிஃப்ளெக்ஸ் (துளை வைத்த) பெட்டியில் பேஸ் வீங்கும். மிருதங்கத்தில் தொப்பியின் கும்கி வழுக்கி ஏறுவது தனியாகத் தெரியாமல் 'பொம்'மென்று உருண்டு போனால், குற்றவாளி இதுதான்.

எனவே 92 டெசிபலும் 6 ஓமுக்குக் கீழே இறங்காத நேரான இம்பீடன்ஸ் கோடும் உள்ள ஸ்பீக்கரை, 97 டெசிபலும் 3 ஓம் பள்ளமும் உள்ளதற்கு மேலாக வைப்பேன். கோடு போட்டுத் தராத கம்பெனி என்றால் நீங்களே அளக்கலாம். கம்ப்யூட்டரில் சவுண்ட் கார்டு, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ரூம் ஈக்யூ விசார்ட் என்கிற இலவச மென்பொருள். ஒரு மணி நேர வேலை.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? 8 ஓம் ஸ்பீக்கரை ஆம்பின் 4 ஓம் முனையில் மாட்டிப் பாருங்கள். அந்த முனையில் அவுட்புட் இம்பீடன்ஸ் பாதி. மேலே சொன்ன 4 டெசிபல் மேடுபள்ளம் 2.2 ஆகும். ட்ரையோடு (300பி மாதிரி மூன்று மின்முனை வால்வு) ஆம்பாக இருந்தால் வால்வுக்குத் தெரியும் லோடு, உதாரணமாக, 3.5 கிலோஓமிலிருந்து 7-க்குப் போய் டிஸ்டார்ஷனும் (ஒலிச் சிதைவும்) குறையும். பறிபோவது 3 டெசிபலுக்குள். 97 டெசிபல் ஸ்பீக்கர்காரருக்கு அது பொருட்டே இல்லை. கிராஸ்ஓவர் இல்லாத ஃபுல்ரேஞ்ச் (எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே ஸ்பீக்கர்) என்றால் மேல் ஸ்வரங்களில் இம்பீடன்ஸ் ஏறி, சத்தம் காதைக் குத்தும். ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸோபெல் (இம்பீடன்ஸ் ஏறாமல் தடுக்கும் சுற்று) போடுங்கள்: காயில் 6 ஓம், 0.6 மில்லிஹென்றி என்றால் 7.5 ஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக.

அடுத்த தொல்லை ஹம், அதாவது கரண்டின் முனகல். ஆம்பின் 1 மில்லிவோல்ட் ஹம், 87 டெசிபல் ஸ்பீக்கரில் 18 டெசிபல், யாருக்கும் கேட்காது. 100 டெசிபல் ஹார்ன் ஸ்பீக்கரில் அதுவே 31. ராத்திரி அமைதியில் 'ம்ம்ம்' என்று முனகும். இன்புட்டை ஷார்ட் செய்து, அவுட்புட்டில் 8 ஓம் ரெசிஸ்டர் போட்டு, ஏசி மில்லிவோல்ட் பாருங்கள். ஹார்னுக்கு 0.5-க்குக் கீழே வேண்டும். வால்வின் இழைக்கு ஏசி கொடுக்கும் 2ஏ3, 300பி ஆம்ப்களில் ஹம் பாட் என்ற திருகு இருக்கும். முதலில் அதைத் திருப்பி, மீட்டர் மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் கெபாசிட்டரில் நிற்கும். பழக்கமில்லாத கை உள்ளே போகவேண்டாம்.

வால்யூமைத் தொட்டதும் அலறுகிறதா? டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின்அலையாக்கும் பெட்டி) 2 வோல்ட் தருகிறது, ஆம்புக்கோ 0.5 போதும். வால்யூம் திருகு அடிமட்டத்தில் இருந்தால் இடதும் வலதும் ஒத்துப்போகாது, பாடகர் ஒரு பக்கம் ஒதுங்குவார். ஆம்ப் இன்புட்டில் 22 கிலோஓம் ரெசிஸ்டர் தொடராக, 10 கிலோஓம் கிரவுண்டுக்கு. 10 டெசிபல் இறங்கிவிடும். ப்ரீஆம்ப் (ஆம்புக்கு முன்னால் சிக்னலைக் கூட்டும் பெட்டி) இருந்தால் அதைக் கழற்றிவிடுவது அதைவிட நல்லது.

பெட்டி சின்னதாக, பேஸ் ஆழமாக, எஃபிஷியன்ஸியும் (டெசிபல் எண்ணும்) அதிகமாக என்று மூன்றும் கிடைக்காது. எஃபிஷியன்ஸியை விடாமல் பேஸ் எல்லையை 60 ஹெர்ட்ஸிலிருந்து 30-க்கு இறக்க எட்டு மடங்கு பெட்டி வேண்டும். புத்தக அலமாரியில் அடங்குகிற ஸ்பீக்கருக்கு 96 டெசிபல், 35 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

கடைசியாக ஒன்று. ஸ்பீக்கர் மாற்றிப் பார்க்கிற அவசரத்தில் ஆம்ப் ஓடும்போதே வயரைப் பிடுங்காதீர்கள். லோடு இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைத் துளைத்துவிடும். அணைத்து, வால்வு ஆறிய பிறகு மாற்றுங்கள்.